கரையில் கட்டடம், நீரில் காற்று நிழல்

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரின் மையப் பகுதியில் உயரமான கட்டடம் எழுப்ப விரும்புவோர் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். இக்கட்டடத்தால் தெருவில் காற்றின் வேகம் எவ்வளவு மிகும் என்பதே அக்கேள்வி. 1985-இல் அந்நகரம் வகுத்த விதி அளவுகளையும் தருகின்றது. மக்கள் அமர்ந்திருக்கும் இடங்களில் மணிக்கு 7 மைல் (சுமார் 11 கி.மீ.), நடமாடும் இடங்களில் 11 மைல் (சுமார் 18 கி.மீ.) என்பவை வசதியின் எல்லைகள். பகற்பொழுதில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்கு மேல் காற்று இவற்றைத் தாண்டக்கூடாது. மணிக்கு 26 மைல் (சுமார் 42 கி.மீ.) என்பது ஆபத்தின் எல்லை. அந்த வேகத்தை ஆண்டில் ஒரு மணி நேரம்கூடக் காற்று எட்டக்கூடாது.

இது நல்ல விதி. உயர்ந்த கட்டடங்களின் அடியில் முதியோர் காற்றால் தள்ளுண்டு விழுவதைத் தடுக்க இத்தகைய விதிகள் தேவை. ஆனால் இவ்விதிக்கு அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கின்றது. காற்று ஒரு தொல்லை, அது மிகுவது தீங்கு, குறைவது தீங்கன்று என்பதே அந்த எண்ணம்.

அதே நகரை ஒட்டிய விரிகுடாவில் காற்றை மட்டுமே நம்பி நீரில் இறங்குவோர் இருக்கின்றனர். அவர்களுக்குக் கேள்வி தலைகீழானது. கரையில் எழும் கட்டடத்தால் நீரின்மேல் காற்று எவ்வளவு குறையும் என்று அவர்கள் கேட்கின்றனர். நடப்பவருக்காகச் செய்த அளவுகோலைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண முடியுமா? காற்று பற்றிய ஆய்வறிக்கைகளை இந்தக் கோணத்திலிருந்து சற்றுத் திறனாய்ந்து பார்ப்போம்.

பாய்ப்பலகையும் காற்றும்

'விண்ட்சர்ஃபிங்' எனப்படும் பாய்ப்பலகைச் சவாரி கலிபோர்னியாவில் பரவிய விளையாட்டு. ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்னும் இருவர் இதற்கான காப்புரிமையை 1968-இல் கோரினர். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இது இடம்பெற்றது. நீண்ட பலகை ஒன்றின்மேல், எப்பக்கமும் சாயக்கூடிய மூட்டினால் பாய்மரம் பொருத்தப்பட்டிருக்கும். சவாரி செய்பவர் பலகைமேல் நின்று, பாயைக் கையால் பிடித்துச் சாய்த்தே திசை மாற்றுகின்றார். சுக்கானும் இல்லை, பொறியும் இல்லை.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இயற்பியல் ஒன்று உண்டு. மெதுவான காற்றில் பலகை படகைப் போல நீரைப் பிளந்துகொண்டு நகரும். காற்று ஓர் அளவைத் தாண்டியதும், பலகை நீரின் மேற்பரப்புக்கு எழுந்து அதன்மேல் வழுக்கிச் செல்லத் தொடங்கும். அப்போது நீரின் தடை வெகுவாகக் குறைந்து வேகம் சட்டென்று உயரும். ஓடுபாதையில் ஓடும் விமானம் போதிய வேகம் பெற்றால்தானே மேலெழும்? அதைப் போன்றதே இதுவும். சவாரி செய்பவரின் எடை, பாயின் பரப்பு, பலகையின் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்து இந்த எல்லை மாறும். சாதாரணக் கருவிகளுக்கு மணிக்கு 22 கி.மீ. அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எல்லைக்குச் சற்று மேலே இருக்கும் காற்றும் சற்றுக் கீழே இருக்கும் காற்றும் சவாரிக்கு முற்றிலும் வேறானவை.

விரிகுடாவுக்குக் காற்று வரும் வழி

கோடையில் கலிபோர்னியாவின் உட்பகுதிப் பள்ளத்தாக்கு கடுமையாகச் சூடேறுகின்றது. கரையை ஒட்டிய பசிபிக் கடல்நீரோ கோடையிலும் குளிர்ந்திருக்கின்றது. உள்நாட்டில் வெப்பக்காற்று மேலெழ, கடலின் குளிர்காற்று அதை நோக்கி விரைகின்றது. இடையில் குன்றுகள் மறிக்கின்றன. குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்ந்த வழிகளில் காற்று நெருங்கிப் பாய்கின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பக்கம் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான்புருனோ இடைவெளி வழியே வரும் காற்று விமான நிலையத்தையும் பர்லிங்கேம் நகரின் கரையையும் கடந்து, கயோட்டி முனையை அடுத்த நீர்ப்பரப்பை அடைகின்றது. அதற்கு வடக்கே அலமேனி இடைவெளி வழியே வரும் காற்று கேண்டில்ஸ்டிக் முனைக்குச் செல்கின்றது. அம்முனையில் 1960-இல் திறக்கப்பட்டு 2015-இல் இடிக்கப்பட்ட விளையாட்டரங்கு அதன் காற்றுக்காகவே பேர்போனது. பந்தாட்டக்காரர்களை அலைக்கழித்த அதே காற்றைத் தேடிப் பாய்ப்பலகையாளர் அங்கே வந்தனர்.

இங்கே முக்கியமாக நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திறந்த கடலை நோக்கிய கரைகளில் காற்று பெரும்பாலும் நீரிலிருந்து நிலத்துக்கு வரும். விரிகுடாவின் மேற்குக் கரையிலோ காற்று நிலத்தைக் கடந்த பின்னரே நீரை அடைகின்றது. ஆகவே அக்கரையில் எழும் ஒவ்வொரு கட்டடமும் காற்றுக்கும் பாய்க்கும் இடையில் நிற்கின்றது.

கட்டடம் காற்றை என்ன செய்கின்றது?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மேசை விசிறியின் முன்னே சற்றுத் தள்ளித் தடித்த புத்தகம் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைப் புத்தகத்தின் பின்னால் பிடித்து, மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்த்துங்கள். புத்தகத்தை ஒட்டிய இடத்தில் பட்டை தளர்ந்து தொங்கும், சில வேளை புத்தகத்தை நோக்கியே சாயும். சற்று விலகியதும் தாறுமாறாகத் துடிக்கும். வெகுதூரம் சென்ற பின்னரே ஒரே சீராகப் பறக்கும்.

கட்டடத்தின் பின்னாலும் இம்மூன்று நிலைகளும் உண்டு. சுவரின் விளிம்புகளில் காற்று பிரிந்து செல்வதால், உடனடிப் பின்புறத்தில் எதிர்த்திசையில் சுழலும் காற்று உண்டாகின்றது. கட்டடத்தின் உயரத்தைப் போலச் சில மடங்கு தூரம் வரை இது நீளலாம். அதற்கு அப்பால், வேகம் குறைந்தும் சுழல்கள் நிறைந்தும் உள்ள பகுதி தொடர்கின்றது. இதையே காற்று நிழல் என்கின்றோம். மேலே ஓடும் விரைந்த காற்று மெல்லக் கீழிறங்கிக் கலந்து, இழந்த வேகத்தை ஈடுசெய்யும் வரை இந்நிழல் நீடிக்கும். உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்திலும், அகன்ற கட்டடமாயின் அதற்கு அப்பாலும் இதன் சுவடு தெரியும். சுமார் 35 மீட்டர் உயரமுள்ள எட்டுமாடிக் கட்டடத்திற்குப் பத்து மடங்கு என்பது 350 மீட்டர் ஆகும்.

கட்டடத்தின் வடிவமும் முக்கியம். ஒல்லியான கோபுரத்தைக் காற்று இருபுறமும் சுற்றி எளிதில் கடந்துவிடும். காற்றுக்குக் குறுக்கே நீளும் கட்டடம், உயரம் குறைந்ததாயினும், சுவரைப் போல மறிக்கும். இரு கட்டடங்களின் இடைவெளியிலோ காற்று விரைவதும் உண்டு.

டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் யென்சன் என்பவர் 1954-இல் காற்று மறைப்புகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மரவேலிகள் பயிரை எவ்வளவு தூரம் காக்கும் என்பது உழவனின் கேள்வி. 1958-இல், இயற்கைக் காற்றைச் சிறு மாதிரிகளில் சரியாகக் காட்டுவதற்கான விதியையும் அவரே வகுத்தார். 1965-இல் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில், ஆலன் டேவன்போர்ட் தரையை ஒட்டிய காற்றின் இயல்பைப் போலிசெய்யும் காற்றுச் சுரங்கத்தை நிறுவினார். உழவன் காற்றைத் தடுக்க விரும்பினான், பொறியாளர் காற்றைத் தாங்க விரும்பினார், நகரத்தார் காற்றைத் தணிக்க விரும்பினர். காற்றை வேண்டி நிற்பவரை மனத்திற்கொண்டு இவ்வியல் வளரவில்லை. இதற்கு அறிவியலைக் குறைகூறுவதற்கில்லை. கேட்ட கேள்விக்கே அது விடை தந்தது.

பர்லிங்கேம் தந்த பாடம்

பர்லிங்கேம் நகரின் கரையில், முன்பு திறந்தவெளித் திரையரங்கு இருந்த இடத்தில் பெரிய அலுவலகத் தொகுதி ஒன்று திட்டமிடப்பட்டது. ஐந்து முதல் எட்டு மாடி வரையிலான கட்டடங்கள் அதில் அடங்கின. காற்று வரும் திசையில், கயோட்டி முனையின் நீர்ப்பரப்புக்கு முன்னே அவ்விடம் இருந்தது. சான்பிரான்சிஸ்கோ பாய்ப்பலகையாளர் சங்கத்தினர் இதைக் கூர்ந்து கவனித்தனர். 1970-ஆம் ஆண்டின் கலிபோர்னியச் சுற்றுச்சூழல் சட்டம் அவர்களுக்குத் துணையாயிற்று. பெரிய திட்டங்களுக்குப் பாதிப்பு அறிக்கை எழுத வேண்டும், பொதுமக்களின் கருத்துக்கு எழுத்தில் விடை தர வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது.

கரைப்பகுதிக்கான நகரத் திட்டத்திலேயே காற்றைப் பற்றிய நெறி ஒன்றும் இருந்தது. கட்டடங்கள் காற்றை மறிப்பதைக் குறைக்கும்படி அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துச் சோதித்து, நீர்மேல் காற்று எவ்வாறு மாறும் என்று ஆராய்ந்தனர். 2012-இல் திட்டத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. இன்று அங்கே கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன.

இதைப் பாராட்டியாக வேண்டும். காற்று குறைவதும் ஒரு பாதிப்புதான் என்று ஒரு நகரம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று. ஆனால் கேள்வியை ஏற்றுக்கொள்வது பாதி வேலைதான். அதை எப்படி அளப்பது என்பது மறுபாதி. இத்தகைய அறிக்கைகளைப் படிக்கும்போது நான்கு இடங்களில் நாம் விழிப்புடன் இருக்க வேண்டும்.

முதலாவது, சதவீதத்தின் மயக்கம். 'சராசரி வேகம் 10 சதவீதம் குறையும்' என்று ஓர் அறிக்கை கூறுவதாக வைத்துக்கொள்வோம். படிப்பவருக்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் பாயின்மேல் காற்று செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0.9-இன் வர்க்கம் 0.81. ஆகவே விசை 19 சதவீதம் குறைகின்றது. அதை ஈடுகட்ட 6 சதுரமீட்டர் பாய்க்குப் பதிலாக 7.4 சதுரமீட்டர் பாய் வேண்டும். மேலும், முன்னே சொன்ன எல்லையை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 24 கி.மீ. காற்றில் 10 சதவீதம் குறைந்தால் 21.6 கி.மீ. ஆகின்றது. பலகை எழும் எல்லை 22 கி.மீ. என்றால், அந்த நாளின் சவாரியே போயிற்று. பலத்த காற்றுள்ள நாளில் இதே 10 சதவீதம் உறைக்காது. எனவே சராசரி எவ்வளவு குறைந்தது என்று கேட்பதைவிட, எல்லைக்கு மேற்பட்ட காற்றுள்ள மணிகள் ஒரு பருவத்தில் எத்தனை குறைந்தன என்று கேட்பதே முறை.

இரண்டாவது, கொந்தளிப்பு. சராசரி 24 கி.மீ. உள்ள இரு காற்றுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 22-க்கும் 26-க்கும் இடையே அசைகின்றது. மற்றொன்று 14-க்கும் 34-க்கும் இடையே தாவுகின்றது. முதற்காற்றில் பாயின் விசை 1.4 மடங்கு மட்டுமே மாறும். இரண்டாவதில் ஏறக்குறைய ஆறு மடங்கு மாறும்! ஒரு கணம் சவாரி செய்பவரை இழுத்தெறியும், மறுகணம் தாங்காமல் கைவிடும். சராசரியை மட்டும் அச்சிடும் அட்டவணையில் இவ்விரண்டும் ஒன்றே.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவின் நடைபாதை விதி, காற்றின் வேகத்தோடு கொந்தளிப்பையும் சேர்த்து 'இணை வேகம்' என்று ஒரே எண்ணாக்குகின்றது. நடப்பவருக்கு இது சரி, ஏனெனில் வேகமும் தொல்லை, கொந்தளிப்பும் தொல்லை. பாய் பிடிப்பவருக்கோ வேகம் வரவு, கொந்தளிப்பு செலவு. அதே எண்ணை நீரின்மேல் பயன்படுத்தினால், குறைந்த வேகத்தை மிகுந்த கொந்தளிப்பு மூடிமறைத்துவிடும்.

மூன்றாவது, அளக்கும் இடம். நீர்ப்பரப்பு முழுவதற்கும் சராசரி எடுத்தால் நிழல் கரைந்து காணாமற்போகும். ஆனால் நிழல் மிக அடர்ந்திருப்பது கரையோரத்தில். சவாரிக்கு இறங்குவதும் திரும்பி ஏறுவதும் அங்கேதான். இது வெறும் வசதிக் குறைவு அன்று. கேண்டில்ஸ்டிக் போன்ற இடத்தில் காற்று நிலத்திலிருந்து நீரை நோக்கி வீசுகின்றது. களைத்துத் திரும்புபவர் கரைக்கு இருநூறு மீட்டர் தொலைவில் நிழலில் சிக்கினால் பாய் உதவாது. மெல்லிய காற்றும் நீரோட்டமும் அவரைக் கரையைவிட்டு விலக்கும். நீரோ கோடையிலும் குளிர்ந்தது. இதை உயிர்ப் பாதுகாப்பு என்னும் தலைப்பில் எழுத வேண்டும். பொழுதுபோக்கு என்னும் தலைப்பில் எழுதினால் அதன் எடை குறைந்துவிடும். அளக்கும் உயரமும் கவனத்திற்குரியது. 400-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில், நீருக்கு 2 மீட்டர் மேலே பாயின் நடுப்பகுதி இருக்கும் உயரம் வெறும் 5 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் நுட்பமாக அளந்தார்களா என்று கேட்பது வாசகரின் உரிமை.

நான்காவது, ஒவ்வொன்றாகப் பார்க்கும் பழக்கம். ஒரு கட்டடம் காற்றை 5 சதவீதம் குறைப்பதாகக் கொள்வோம். ஐந்தாண்டு கழித்து அடுத்த கட்டடம் வருகின்றது. அதன் அறிக்கை 'இப்போதுள்ள நிலை'யிலிருந்து தொடங்குகின்றது. அந்நிலையில் முதற்கட்டடத்தின் நிழல் ஏற்கெனவே கலந்துள்ளது. இப்படியே நான்கு கட்டடங்கள் எழுந்தால், எளிய கணக்கில் 0.95-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.81. அதாவது காற்று 19 சதவீதம் குறைந்துவிட்டது. உண்மையில் நிழல்கள் இவ்வளவு ஒழுங்காகப் பெருகுவதில்லை. எனினும் பாடம் ஒன்றே. நான்கு அறிக்கைகளும் 'சிறு பாதிப்பு' என்று உண்மையே கூறியிருக்கலாம், ஆனால் பெரும்பாதிப்பு எந்த அறிக்கையிலும் இராது. சட்டம் தொகுவிளைவையும் பார்க்கச் சொல்கின்றது. பார்க்க வேண்டிய முறையில் பார்க்கிறோமா என்பதே கேள்வி.

எல்லைக் கோடும் காற்றும்

விரிகுடாவைக் காக்க 1965-இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. விரிகுடாவை மண்ணிட்டு நிரப்புவதைத் தடுத்ததில் அதன் பங்கு பெரிது. கரையில் அதன் அதிகாரம் நீரின் விளிம்பிலிருந்து 100 அடி வரை செல்கின்றது. நூறு அடி என்பது சுமார் 30 மீட்டர். கட்டடம் அதற்கு அப்பால் நின்றுகொண்டே தன் நிழலை நீர்மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் விரிக்க முடியும். நிலத்தை நாடாவால் அளந்து கோடு போடலாம், காற்று அக்கோட்டை மதிப்பதில்லை.

மறுப்புகள் சில

'விரிகுடா பரந்தது, வேறிடம் செல்லலாமே' என்பர் சிலர். இறங்குமிடம், வண்டி நிறுத்துமிடம், ஆழம், சீரான காற்று ஆகியவை ஒருங்கே அமைந்த கரைகள் சிலவே. அவற்றுள் ஒன்று போனால் அதற்கு ஈடு எளிதில் கிடைப்பதில்லை.

'நீரடிச் சிறகு பொருத்திய புதிய பலகைகளுக்குக் குறைந்த காற்றே போதுமே' என்பது அடுத்த மறுப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயன்பட்டவை அத்தகைய பலகைகளே என்பது உண்மை. ஆனால் சிறகுக்கு ஆழமான நீர் வேண்டும். கொந்தளிப்பான காற்றில் சமநிலை காப்பது அதற்கும் கடினமே.

மறுபுறம், பாய்ப்பலகையாளரின் எல்லாக் குறைகூறலும் சரியாகிவிடாது. காற்று நீரிலிருந்து கரைக்கு வீசும் இடங்களில், கரைக்கட்டடம் தன் முன்னே சிறிது தூரத்துக்கு மட்டுமே காற்றைத் தேக்கும். ஆண்டுக்கு ஆண்டு காற்று இயல்பாகவே மாறுபடும். மந்தமான ஒரு கோடையை வைத்துப் புதிய கட்டடத்தின்மேல் பழி போடுதல் அறிவியலாகாது. கட்டுமுன் பல பருவங்கள், கட்டியபின் பல பருவங்கள் என ஒரே இடத்தில் அளந்து ஒப்பிட்டால்தான் உண்மை துலங்கும். கட்டிய பின்னும் அளக்க வேண்டும் என்பது மிக முக்கியம். காற்றுச் சுரங்கத்தின் கணிப்பு சரியா தவறா என்று இயற்கையிடம் கேட்காமல் விட்டுவிட்டால், அடுத்த கணிப்பு எப்படித் திருந்தும்?

மாற்று வழி உண்டா?

காற்று குறைவதையும் தீங்கென அளக்க முடியும் என்பதற்கு ஹாங்காங் சான்றாகும். 2003-இல் சார்ஸ் நோய் பரவியபின், நெருங்கிய கட்டடங்களுக்கிடையே காற்றோட்டம் குன்றியிருப்பதை அந்நகரம் கவலையுடன் நோக்கியது. கரையோரம் சுவரைப் போல எழுந்த அடுக்குமாடிகள் கண்டனத்துக்குள்ளாயின. 2006-இல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீட்டு முறை வகுக்கப்பட்டது. அங்கே கேட்கப்படும் கேள்வி, காற்று போதுமான அளவு உட்புகுகின்றதா என்பது. நோக்கம் வேறாயினும், கேள்வியைத் திருப்பிக் கேட்டால் அளவுகோலும் மாறும் என்பதை இது காட்டுகின்றது.

நீர்க்கரைக் கட்டடங்களுக்கும் இவ்வாறே தனி அளவுகோல் வேண்டும். எல்லைக்கு மேற்பட்ட காற்று மணிகள், கொந்தளிப்பு, இறங்குமிடத்தின் காற்று, முன்னுள்ள கட்டடங்களையும் சேர்த்த மொத்த இழப்பு ஆகிய நான்கையும் அறிக்கை தனித்தனியே தர வேண்டும். கட்டடத்தின் குறுகிய பக்கத்தைக் காற்றுக்குக் காட்டுதல், இடைவெளி விடுதல், உயர்ந்த பகுதியைக் கரையிலிருந்து பின்வாங்கி அமைத்தல் போன்ற பரிகாரங்கள் வரைபட நிலையில் அதிகச் செலவின்றி முடியும். கட்டி முடித்த பின்னர் எச்செலவிலும் முடியாது.

பாய்ப்பலகையாளர் சிலரே என்று இதைத் தள்ளிவிடலாகாது. கரையில் நிலம் வாங்கியவர் அந்நிலத்திற்கு விலை கொடுத்தார். அதன்மேல் வீசி நீருக்குச் செல்லும் காற்றுக்கு அவர் விலை கொடுக்கவில்லை. அது எல்லார்க்கும் பொதுவான உடைமை. அதில் எவ்வளவு எடுத்துக்கொள்ளப்படுகின்றது என்பதைச் சரியாக அளந்து சொல்வது அறிவியலின் கடமை. அந்த அளவை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது மக்களின் உரிமை.